தோற்ற மறுவாரம்

கேள்வி: ஒரே ஒரு தோல்வி ஓர் அணியின் தலையெழுத்தை மாற்றிவிடுமா? (பசறை)

பதில்: மாற்றாது. தோல்வி எந்தக் காகிதத்திலும் கையெழுத்துப் போடுவதில்லை. மறுவாரம் நிர்வாகம்தான் போடுகிறது.

கேள்வி: 2011 உலகக் கிண்ண இறுதிப் போட்டியை மறந்துவிட்டீர்களா? (மடுல்சீமை)

பதில்: மறக்க விட்டால்தானே! ஏப்ரல் 2, மும்பாய் வான்கடே. சத்தத்தில் டொஸ்ஸையே இரண்டு தடவை போட்டார்கள். மஹேல ஆட்டமிழக்காமல் 103, நமக்கு 274. பிறகு இந்தியாவின் கம்பீர் 97, தோனி ஆட்டமிழக்காமல் 91, கடைசியில் அந்த சிக்ஸர்.

எனக்குக் கோபம் சிக்ஸர் மேல் இல்லை. அரையிறுதியில் வென்ற அணியில் நாலு பேரை மாற்றிக்கொண்டு இறுதிக்குப் போனோம். மெத்தியூஸுக்குக் காயம், சரி. ஹேரத்தும் அஜந்த மெண்டிஸும் என்ன பாவம் செய்தார்கள்?

சில நாட்களிலேயே சங்கக்கார தலைமையை விட்டார். அரவிந்த டி சில்வாவின் தெரிவுக்குழு விலகியது. முரளிக்கு அந்த இறுதிதான் கடைசி ஒருநாள் போட்டி, விக்கெட்டும் இல்லை. டில்ஷான் தலைவரானார், ஒரு வருஷம் முடியுமுன் மறுபடி மஹேல. 2012இல் கொழும்பிலேயே டி20 உலகக் கிண்ண இறுதியில் மேற்கிந்தியத் தீவுகளிடம் அடி. இவ்வளவு குழப்பத்திலும் ஒரு புத்திசாலித்தனம் நடந்தது: சங்காவையும் மஹேலவையும் யாரும் வீட்டுக்கு அனுப்பவில்லை. 2014 ஏப்ரல் 6, மிர்பூர்: எதிரே அதே இந்தியா, சங்கா ஆட்டமிழக்காமல் 52, டி20 கிண்ணம் நமக்கு.

கேள்வி: நான் பாடசாலையில் கூடைப்பந்து விளையாடுகிறேன். எப்போதும் கிரிக்கெட்தானா? (நமுனுகுலை)

பதில்: மன்னிக்கவும், உங்களுக்குத்தான் இன்று பெரிய பதில். அமெரிக்காவின் என்.பி.ஏ.யில் ஓக்லஹோமா சிட்டி தண்டர் என்றோர் அணி. 2016இல் கோல்டன் ஸ்டேட் அணியோடு ஏழு ஆட்டத் தொடரில் 3-1 என்று முன்னால் நின்று, மூன்றையும் வரிசையாகத் தோற்றது. ஜூலை 4ஆம் திகதி அதன் நட்சத்திரம் கெவின் டுரான்ட், தன்னைத் தோற்கடித்த அதே அணிக்குப் போவதாக அறிவித்தார். ஒப்பந்தம் முடிந்திருந்ததால் தண்டருக்குக் கைமாறாக ஒன்றும் கிடைக்கவில்லை. தொடரும் போச்சு, ஆளும் போச்சு.

2019 ஏப்ரலில் மறுபடி அடி. போர்ட்லாண்டின் டேமியன் லில்லார்ட், கடைசி நொடியில் சுமார் 37 அடி தூரத்திலிருந்து, தடுக்க நின்ற தண்டர் வீரர் போல் ஜோர்ஜின் கைக்கு மேலால் எறிந்தார். பந்து உள்ளே, தொடர் முடிந்தது. தண்டர் வீரர்களைப் பார்த்து ‘போய் வாருங்கள்’ என்று கையும் அசைத்தார். அது மோசமான எறிதல் என்று ஜோர்ஜ் பிறகு சொன்னார். உள்ளே விழுந்த பந்தை மோசம் என்று சொல்லவும் ஒரு தைரியம் வேண்டும்.

ஜூலையில் ஜோர்ஜ் தன்னை வேறு அணிக்கு மாற்றச் சொன்னார். இம்முறை ஒப்பந்தம் மிச்சமிருந்தது. சாம் பிரெஸ்டி என்ற மனேஜர் பேரம் பேசினார்: ஜோர்ஜைக் கொடுத்து, கிளிப்பர்ஸ் அணியிடமிருந்து ஷாய் கில்ஜியஸ்-அலெக்ஸாண்டர் என்ற 20 வயதுப் பையன், டானிலோ கல்லினாரி, கூடவே புது வீரர்களை முதல் சுற்றில் தெரிவு செய்யும் உரிமைகள் ஐந்து. பிறகு அணியையே கவ்வாத்து வெட்டினார்கள். கவ்வாத்து மலையில் உடனே கொழுந்து கேட்டால் கிடைக்குமா? 2020-21 பருவத்தில் 72 ஆட்டங்களில் 22 வெற்றிதான். கிளிப்பர்ஸின் ஒரு தெரிவு உரிமையில் 2022இல் ஜேலன் வில்லியம்ஸ் வந்தார். 2025இல் கிண்ணம்! லில்லார்ட் கையசைத்து ஆறு வருஷம்.

முதல் தோல்விக்கும் இரண்டாவதற்கும் வித்தியாசம் கண்ணீரில் இல்லை. கையில் பேரம் பேச ஏதாவது இருந்ததா என்பதில்.

கேள்வி: 2019 ஐ.பி.எல். இறுதியில் மாலிங்க சென்னையைத் தோற்கடித்தபோது, இலங்கையனாகச் சிரிப்பதா, தமிழனாக அழுவதா? (லுணுகலை)

பதில்: சென்னையின் மஞ்சள் சட்டை போட்டுக்கொண்டே கை தட்டலாம், அதைத் தடுக்கச் சட்டம் எதுவும் இல்லை. கடைசி ஓவரில் 9 ஓட்டம் வேண்டும். வொட்சன் 80இல் ரன் அவுட். கடைசிப் பந்தில் 2 ஓட்டம்; ஷர்துல் தாக்கூர் எல்.பி.டபிள்யூ. ஒரே ஓட்டத்தில் தோல்வி. அதற்கு முன்னைய ஓவர்களில் மாலிங்க வாங்கிய அடியை யாரும் ஞாபகம் வைத்திருப்பதில்லை பாருங்கள். சென்னை கிட்டத்தட்ட அதே வயசான அணியோடு 2020க்குப் போய், முதன்முறையாக பிளே-ஓஃபைத் தவறவிட்டது. அப்போதும் தோனியை மாற்றவில்லை. 2021இல் கிண்ணம். மாற்றாமல் இருப்பதும் ஒரு முடிவுதான், ஆனால் அதற்கு ஒரு தோனி வேண்டும்.

கேள்வி: பெங்களூர் எப்போது கிண்ணம் வெல்லும்? (பண்டாரவளை)

பதில்: கடிதம் தாமதம். 2025 ஜூன் 3, பஞ்சாபை 6 ஓட்டங்களால் வென்றாயிற்று. 2009, 2011, 2016 என்று மூன்று இறுதிகளில் தோற்றவர்களை வைத்து இத்தனை காலம் சிரித்தோம். இனி வேறு ஆளைப் பார்க்க வேண்டும்.

கேள்வி: எங்கள் தோட்டத்து அணி பொங்கல் சொப்ட்போல் போட்டியில் அரையிறுதியிலேயே தோற்றது. கெப்டனை மாற்றலாமா? (ஹாலிஎல)

பதில்: மாற்றலாம். அதற்கு முன் பேட் யாருடையது என்று விசாரித்துக்கொள்ளுங்கள்.