மியூனிக்கில் உறைமோர்

மியூனிக்,
வெள்ளிக்கிழமை இரவு

அன்புள்ள அக்காவுக்கு,

இந்தக் கடிதத்தை அம்மாவுக்குச் சத்தமாக வாசித்துக் காட்டாதே. அத்தான் வாசிக்கலாம், அவருக்குச் சந்தோஷமாகவே இருக்கும்.

ஆப்பத்துக்கு மாவு கரைத்து வையடா என்று அம்மா சொன்னால் கொல்லைப்புறமாக ஓடினவன் நான். உனக்கு மறந்திருக்காது, எனக்குப் பதிலாகக் கரைத்தவள் நீதானே. அந்த நான் இப்போது ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்து, ஒரு கண்ணாடிக் குடுவையைக் குலுக்கிவிட்டு வந்து படுக்கிறேன். உள்ளே இருப்பது ஈஸ்ட். வீட்டில் பீர் காய்ச்சுகிறேன். பதறாதே. இங்கே இது குற்றமில்லை. 2024இலிருந்து வருஷத்துக்கு 500 லிட்டர் வரை சொந்தச் செலவுக்குக் காய்ச்சினால் வரிகூடக் கிடையாது. நம்மூரில் ஆப்பமாவில் ஊற்றக் கள் இறக்கினாலே ஜீப் வந்துவிடும்.

கடையில் ஈஸ்ட் பாக்கெட் கிடைக்கத்தான் செய்கிறது. ஆனால் உறைமோரைக் காசு கொடுத்து வாங்குவாயா நீ? இங்குள்ள கோதுமை பீர்ப் புட்டியின் அடியில் வெள்ளையாக வண்டல் கிடக்கும். ஊர்க்காரர்கள் கடைசி வாயைச் சுழற்றி, வண்டலையும் கலக்கித் தம்ளரில் கவிழ்த்துவிடுவார்கள். நான் மேலே தெளிந்ததை மட்டும் இறுத்துக்கொண்டு, புட்டி வாயை லைட்டரால் சுட்டு, அடியில் கிடந்ததை எடுத்து வைத்தேன். இறுத்ததை என்ன செய்தாய் என்று கேட்காதே.

அந்த ஒரு கரண்டியை அப்படியே இருபது லிட்டரில் விட்டால், கல்யாண அண்டா நிறையப் பாலுக்கு ஒரு சொட்டு மோர் விட்ட கதைதான். உறைவதற்குள் வேறு ஏதாவது புகுந்து கெடுத்துவிடும். அதனால் படிப்படியாகப் பெருக்க வேண்டும்: முதலில் 100 மில்லி, அப்புறம் அரை லிட்டர், அப்புறம் ஒன்றரை. லிட்டர் தண்ணீருக்கு 100 கிராம் மால்ட் பொடி போட்டுக் கொதிக்கவைத்து, நன்றாக ஆறவிட்டு ஊட்டுவது. முதல் வேளைக்கு மட்டும் பாதிப் பொடி. பச்சைக் குழந்தைக்குக் கெட்டிக் கஞ்சி ஆகாது பார்.

அந்தப் பொடி இருக்கிறதே, ஆவி பட்டதும் பிசினாகிக் கரண்டியை விடாது. கொதி வரும் நேரம் ஒரு நிமிஷம் திரும்பினேன், பொங்கலோ பொங்கல்! அடுப்பில் கருகிப் படிந்ததைப் பற்றி உன் நாத்தனார் மாதிரி உன் தம்பி பெண்டாட்டியும் இன்னும் பேசிக்கொண்டிருக்கிறாள்.

முதல் தடவை ஏமாந்தேன். ஈஸ்ட் பெருகியது, வாசம்தான் வரவில்லை. சில ஆலைகள் புட்டியில் அடைக்கும்போது, பீரைப் புளிக்கவைத்த ஈஸ்ட்டை நீக்கிவிட்டு வேறொன்றைப் போட்டுவிடுமாம். அடுத்த தடவை வேறு புட்டி. மூன்றாம் நாள் குடுவை வாயை மூடியிருந்த அலுமினியத் தாளைத் தூக்கி மோந்து பார்த்தேன். நம் வடசேரிச் சந்தையில் பழுத்துக் கறுத்துத் தொங்கும் மட்டிப்பழக் குலையின் வாசம், கூடவே கிராம்பு. இரண்டையும் யாரும் போடவில்லை, எல்லாம் ஈஸ்ட்டின் கைவேலை.

பவேரியப் பிரபுக்கள் 1516இல் பீருக்கு ஒரு சட்டம் போட்டார்கள். பார்லி, ஹாப்ஸ் பூ, தண்ணீர் தவிர எதுவும் சேர்க்கக் கூடாது. அதில் ஈஸ்ட்டின் பேரே இல்லை! பாலும் சட்டியும் இருந்தால் தயிர் என்று எழுதிவைத்த மாதிரி. ஆச்சியைக் கேட்டிருந்தால் ஒரு வரி சேர்த்திருப்பாள்.

குலுக்கக் குலுக்கக் காற்று சேரும், காற்று சேர ஈஸ்ட் பெருகும். ராத்திரி விழிக்க அலுத்துப்போய், பழைய கம்ப்யூட்டர் மின்விசிறியில் காந்தத்தை ஒட்டி, அதன்மேல் குடுவையை வைத்தேன். உள்ளே ஒரு சின்னக் காந்தத் துண்டு. விசிறி சுற்றினால் அதுவும் சுற்றும். நேற்று முன்தினம் நடுராத்திரியில் அந்தத் துண்டு தடம் மாறிக் கண்ணாடியில் டகடகவென்று அடித்திருக்கிறது. நான் குறட்டையில். இங்கே ராத்திரி பத்துக்கு மேல் சத்தம் கூடாது. காலையில் கதவிடுக்கில் கீழ்வீட்டு அம்மாவின் சீட்டு, 11.40 முதல் 12.25 வரை என்று நிமிஷக் கணக்கோடு.

மன்னிப்புக் கேட்கக் குடுவையையே தூக்கிக்கொண்டு போனேன். மோந்து பார்த்தார். ஒன்றும் சொல்லாமல் கதவைச் சாத்திக்கொண்டார்.

இன்று சாயங்காலம் மணி அடித்தது. கழுவித் துடைத்த ஜாம் புட்டியோடு நிற்கிறார். ரொட்டி மாவுக்குக் கொஞ்சம் வேண்டுமாம். வெள்ளிக்கிழமை, அதுவும் விளக்கு வைத்த நேரம். ஆச்சி இருந்தால் உறைமோரை வாசல் தாண்ட விட்டிருப்பாளா? நான் இரண்டு கரண்டி ஊற்றிக் கொடுத்துவிட்டேன். அம்மாவிடம் இதையும் சொல்லாதே.

இப்படிக்கு,
உன் தம்பி

பி.கு.: மிச்ச ஈஸ்ட்டில் ஒரு கரண்டி எடுத்து ஆப்பத்துக்குக் கரைத்து வைத்திருக்கிறேன். நானே கரைத்தேன். இதை மட்டும் அம்மாவிடம் சொல்.