டேட்டாபேஸ் தயாரா? முதலாளி கேட்டால் சொல்ல ஒரு கையேடு

வெர்ஷன் எண் சுழியத்தில் முடிந்தால் நல்ல சகுனம். 5.0, 8.0 என்று உருண்டையாக வந்திருக்கிறதா, யோசிக்காமல் ஏற்றிவிடுங்கள். புள்ளி ஒன்று வரட்டும், புள்ளி இரண்டு வரட்டும் என்று இழுப்பவர்கள் கோழைகள். குழி எங்கே இருக்கிறது என்று வேறு யாராவது விழுந்து கண்டுபிடிக்கட்டும் என்று கரையில் நிற்கிறார்கள், அவ்வளவுதான். எல்லாரும் கரையிலேயே நின்றால் யார்தான் விழுவது? கிள்ளான் பள்ளத்தாக்கில் அந்தப் பொதுச்சேவைக்கு ஒரு நிறுவனம் வேண்டியிருக்கிறது. அது உங்களுடையதாகவே இருக்கட்டும்.

இந்தக் கையேடு யாருக்கு என்றால், பிரிக்பீல்ட்ஸில் ஏதோ ஒரு வாழையிலைக் கடையில், ரசத்துக்கும் மோருக்கும் நடுவில், "புதுசா ஒரு டேட்டாபேஸ் வந்திருக்காம் தம்பி, ஒரே நேரத்துல மூணு இடத்துல ஓடுமாம். அடுத்த மாசம் போட்டுடலாம். ரெடியான்னு மட்டும் பார்த்துச் சொல்லு" என்று முதலாளி சொல்லக் கேட்டவர்களுக்கு. இதில் "அடுத்த மாசம்" என்பது முடிவு. "ரெடியா" என்பது இலை மடக்குவதற்கு முன் மரியாதைக்குக் கேட்பது. இரண்டையும் குழப்பிக்கொண்டு நிஜமாகவே சோதிக்கக் கிளம்பிவிடுகிறவர்கள்தான் இந்தத் தொழிலில் சீக்கிரம் தலைநரைத்துப் போகிறார்கள்.

எண்ணுக்கே திரும்புவோம். ஃபேஸ்புக்கில் பிறந்து 2008-இல் வெளியே வந்த கசாண்ட்ரா என்ற டேட்டாபேஸ், 2015 கடைசியில் மாதம் ஒரு வெர்ஷன் என்று கிளம்பியது. புள்ளிக்குப் பின் இரட்டைப்படை எண் என்றால் புது வசதி, ஒற்றைப்படை என்றால் பிழைதிருத்தம். ராகுகாலம் பார்க்கிற நமக்கு இதைவிடத் தோதான ஏற்பாடு கிடைக்காது. ஆனால் அவர்களே அதைக் கைவிட்டார்கள். 2017-இல் 3.11 வந்தபின், 4.0 வர 2021 ஜூலை ஆயிற்று. சோதித்தார்கள், சோதித்தார்கள், சோதித்துக்கொண்டே இருந்தார்கள். நான்கு ஆண்டு! அதற்குள் நம் முதலாளி கம்பெனி லோகோவை மூன்று முறை மாற்றிவிடுவார். அப்படிப்பட்ட பொறுமைசாலிகளைப் பார்த்து நாம் கெட்டுப்போகக் கூடாது.

வெளியீட்டுக் குறிப்பைப் படிப்பதற்கும் முறை இருக்கிறது. "புதியவை" என்ற பகுதியை உரக்கப் படியுங்கள். "அறியப்பட்ட சிக்கல்கள்" கீழே இருக்கும். அவ்வளவு கீழே போனால் கழுத்து வலிக்கும். "பழைய வெர்ஷனுக்குத் திரும்புவது எப்படி" என்ற பத்தியைக் கண்டிப்பாகத் தவிர்க்கவும். காக்ரோச்டிபி, மாங்கோடிபி என்ற டேட்டாபேஸ்கள் இரண்டிலுமே புது மென்பொருளைப் போட்டபின் தனியாக ஒரு உறுதிப்படுத்தும் படி இருக்கிறது. அதைத் தாண்டாதவரை பொதுவாகத் திரும்பலாம், தாண்டினால் கதவு அநேகமாகச் சாத்திக்கொள்ளும். கசாண்ட்ராவில் புது வெர்ஷன் பழைய கோப்பைப் படிக்கும், பழைய வெர்ஷன் புதுக் கோப்பைப் படிக்காது. இதையெல்லாம் தெரிந்துகொண்டால் மனம் கதவின் மேலேயே நிற்கும். கல்யாணத்துக்கு முன்பே ஜீவனாம்சக் கணக்குப் போடுகிற மாதிரி.

விற்பவர் காட்டும் வேக வரைபடத்தை மட்டும் முழுமையாக நம்புங்கள். இதற்கு ஒரு பழைய சாட்சி உண்டு. மாங்கோடிபியின் டிரைவர்கள் 2012 நவம்பர் வரைக்கும், வேறு மாதிரி சொல்லாவிட்டால், சர்வர் "வந்து சேர்ந்தது" என்று சொல்லும்வரை காத்திருந்ததில்லை. தபால் பெட்டியில் போட்டதுமே கடிதம் கிடைத்துவிட்டதென்று கணக்கு. எவ்வளவு வேகம் தெரியுமா!

அடுத்து சோதனைத் தரவு. அலி, ஆ சோங், முத்து என்று மூன்று வாடிக்கையாளர்கள் போதும். மூன்று இனமும் வந்துவிட்டது, தேசிய ஒற்றுமையும் சோதிக்கப்பட்டுவிட்டது. முத்துவின் முழுப்பெயரில் "ஏ/எல்" (இன்னாரின் மகன்) என்று ஒரு சாய்கோடு வரும், மீனாட்சியின் பெயரில் "ஏ/பி" (மகள்) வரும், அந்தச் சாய்கோடு போன மாதம் எத்தனை படிவங்களைச் சாய்த்தது என்றெல்லாம் நினைக்காதீர்கள். சோதனையில் அவர் வெறும் முத்து. அடையாள அட்டையான ஐசியில்தான் அவருக்கு அப்பா இருக்கிறார்.

ஐசி என்றதும் நினைவுக்கு வருகிறது, வாடிக்கையாளர் பதிவுகளை இயந்திரங்களுக்குப் பிரித்துக் கொடுக்க ஐசி எண்ணையே வைத்துக்கொள்ளுங்கள். பன்னிரண்டு இலக்கம், ஆளுக்கு ஒன்று, வேறென்ன வேண்டும்? முதல் ஆறு இலக்கம் பிறந்த தேதி, அடுத்த இரண்டு மாநிலக் குறி (சிலாங்கூர் என்றால் 10, கோலாலம்பூர் என்றால் 14), கடைசி இலக்கம் ஒற்றை என்றால் ஆண். எண்வரிசைப்படி பங்கு போடுகிற டேட்டாபேஸாக இருந்தால் ஒரு வேடிக்கை பார்க்கலாம். கைப்பேசியில் பணம் அனுப்புகிறவர்களில் பலர் எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் பிறந்தவர்கள். ஆகவே 8-இல் தொடங்கும் எண்களும் 9-இல் தொடங்கும் எண்களும் விழுந்த இரண்டு இயந்திரங்களுக்கு மூச்சு முட்டும். 4-இல் தொடங்கும் எண்கள் விழுந்த இயந்திரம் ஓய்வூதியக்காரர்போல ஈஸிசேரில் காற்று வாங்கும். மூன்று முத்துக்களை வைத்துச் சோதித்தால் இந்தக் காட்சி தெரியாது. சம்பள நாளில் தெரியும்.

நேரத்தையும் சோதிக்க வேண்டாம். மலேசிய நேரம் 8 மணி முன்னால், அவ்வளவுதானே? 1982 ஜனவரி 1-க்கு முன் தீபகற்ப மலேசியாவில் அது ஏழரை மணியாக இருந்தது என்பதை யார் ஞாபகம் வைத்திருக்கப் போகிறார்கள்? டேட்டாபேஸ் ஞாபகம் வைத்திருக்கும், அதுதான் தொல்லை. 1975 மே 10-இல் பிறந்த ஒருவரின் பிறந்தநாளை நள்ளிரவு 12 மணி என்று எடுத்துக்கொண்டு, ஒரு மென்பொருள் எட்டு மணிக் கணக்கில் எழுதி, இன்னொன்று ஏழரைக் கணக்கில் வாசித்தால் மே 9 இரவு 11:30 என்று வரும். ஐசி ஒரு தேதி சொல்லும், திரை ஒரு தேதி சொல்லும். இந்த ஏழரை யாரையும் விடாது. அதுபோக 2012 ஜூலை 1, ஞாயிற்றுக்கிழமை காலை சரியாக 8 மணிக்கு முன் உலகக் கடிகாரத்தில் ஒரு விநாடி கூடுதலாகச் சேர்த்தார்கள். லினக்ஸின் கருவில் இருந்த ஒரு பிழையால், ஜாவாவில் ஓடிய எத்தனையோ சர்வர்கள் அந்த ஒரே விநாடியில் சிக்கித் திணறின. ரெடிட்டின் கசாண்ட்ராவும் அதில் ஒன்று. இங்கே நாம் தோசைக்குக் காத்திருந்த நேரம்.

இனி முக்கியமான பகுதி. இதை மட்டும் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

கிள்ளானில் ஒரு கல்யாண மண்டபம். முன்பதிவுக்கு இரண்டு கவுண்டர், ஒன்று தெங்கு கெலானா சாலையில், இன்னொன்று பிரிக்பீல்ட்ஸில். ஒவ்வொரு பதிவையும் ஒருவருக்கொருவர் போனில் சொல்லிக்கொள்வார்கள். போன் செத்துப்போன நாளில் ஒரு குடும்பம் வந்து தை மாத முகூர்த்தம் ஒன்றைக் கேட்கிறது. "இருங்க, போன் வரட்டும்" என்று சொன்னால் அவர்கள் வேறு மண்டபம் தேடிப் போய்விடுவார்கள். எழுதிக் கொடுத்தால், ஒரே மேடையில் இரண்டு மாப்பிள்ளைகள் உட்காரும் வாய்ப்பு இருக்கிறது. மூன்றாவது வழி கிடையாது. 2000-இல் எரிக் புரூவர் இதை ஊகமாகச் சொன்னார். 2002-இல் கில்பர்ட்டும் லிஞ்சும் கணிதமாக நிறுவினார்கள். பல இடங்களில் ஓடும் எந்த டேட்டாபேஸும், எந்த வெர்ஷனும், போன் செத்த நாளில் இந்த இரண்டில் ஒன்றைத்தான் செய்யும். உங்கள் வேலை அது எதைச் செய்கிறது என்று பார்ப்பது. கையேட்டின்படி, பார்க்க வேண்டாம். விற்பவரிடம் கேளுங்கள், "ரெண்டும் செய்யும் சார்" என்பார்.

போன் ரொம்ப நேரம் சாக வேண்டியதில்லை. 2018 அக்டோபர் 21 அன்று கிட்ஹப்பின் அமெரிக்கக் கிழக்குக் கரை மையத்துக்கான இணைப்பு 43 விநாடி அறுந்தது. அதற்குள் மேற்குக் கரை தலைமையை எடுத்துக்கொண்டது. கிழக்கில் எழுதியவற்றில் சில மேற்கில் இல்லை, மேற்கில் எழுதியவை கிழக்கில் இல்லை. சீராக்க 24 மணி நேரமும் 11 நிமிடமும் பிடித்தது.

ஆகவே நம் பாணியில் அமைப்பது இப்படி: சைபர்ஜெயாவில் இரண்டு நோட் (அதாவது இயந்திரம்), ஜொகூரில் ஒன்று. பெரும்பான்மை சொன்னால்தான் எழுதும் என்பது, நோட்கள் உடன்பாடு காணும் ராஃப்ட் முறையின் விதி. மூன்றில் இரண்டு சைபர்ஜெயாவிலேயே இருப்பதால் எல்லாம் பறக்கும். ஜொகூரின் ஒப்புதலுக்குக் காத்திருந்தால், சுமார் 300 கிலோமீட்டர் தூரத்துக்குக் கண்ணாடி இழையில் ஒளி போய்த் திரும்பவே 3 மில்லி விநாடி ஆகும். யார் காத்திருப்பது? சைபர்ஜெயாவில் மின்சாரம் போனால் ஜொகூரில் தனியாக நிற்கும் அந்த ஒன்று பெரும்பான்மை இல்லாமல் எதையும் எழுத மறுக்கும். "டிஆர் சைட் (பேரிடர் கால மாற்று மையம்) இருக்கிறது" என்று முதலாளி வங்கிக்காரர்களிடம் சொன்னது பொய்யல்ல. இருக்கிறது, எழுதாது. மூன்றாவது இடம் ஒன்று வேண்டும் என்பதை அவருக்குப் புரியவைக்க நான் இரண்டு முறை முயன்றேன். இரண்டு முறையும் வாடகை எவ்வளவு வெள்ளி என்றார்.

விற்பவர் வரும்போது டுரியான் கடையை நினைத்துக்கொள்ளாதீர்கள். அந்தக் கடைக்காரர் காம்பருகே முகர்ந்து, காதோரம் குலுக்கிக் கேட்டு, கத்தியால் முக்கோணமாக ஒரு கீறு போட்டுச் சதையைக் காட்டுவார். கெட்டிருந்தால் வேறு பழம் எடுப்பார். டேட்டாபேஸில் அந்தக் கீறலைப் போடுவதையே தொழிலாகச் செய்யும் ஒருவர் உண்டு: கைல் கிங்ஸ்பரி. அவருடைய ஜெப்சன் 2013 முதல் செய்வது இதுதான். பல பேர் ஒரே நேரத்தில் எழுதி வாசித்துக்கொண்டிருக்கும்போதே இணைப்பை அறுப்பது, ஒரு நோட்டை உறையவைப்பது, இன்னொன்றின் கடிகாரத்தைத் திருகுவது. பிறகு நடந்ததையெல்லாம் விற்பவர் கொடுத்த வாக்குறுதியோடு ஒப்பிடுவது. 2020 மே மாதம் மாங்கோடிபி 4.2.6-ஐ அப்படிக் கீறியபோது, இருப்பதிலேயே கடுமையான அமைப்பில் வைத்தும் சொன்ன வாக்கு காப்பாற்றப்படவில்லை என்று எழுதினார். நீங்கள் ஏற்றப்போகும் வெர்ஷனுக்கு அப்படி அறிக்கை இருக்கிறதா என்று தேடவே தேடாதீர்கள். அந்தக் கருவி இலவசம், நீங்களே ஓட்டிப் பார்க்கலாம் என்பதை உங்கள் குழுவில் யாரிடமும் சொல்லாதீர்கள்.

பாதி ஏற்றம் பற்றி ஒரு சொந்த அனுபவம். பெயர் சொல்ல முடியாத ஓர் அலுவலகம், ஒன்பது நோட். ஒன்றொன்றாகப் புது வெர்ஷனுக்கு மாற்றிக்கொண்டே வந்து, நான்காவதில் தீபாவளி விடுமுறை வந்துவிட்டது. எல்லாம் ஓடிக்கொண்டுதானே இருக்கிறது என்று விட்டோம். மூன்றாவது வாரம் பழைய வெர்ஷனில் இருந்த ஒன்றில் டிஸ்க் நிரம்பியது. புது நோட் ஒன்றைச் சேர்க்கப் போனால் சேராது: இரு வெர்ஷன் கலந்திருக்கும்போது ஒன்று இன்னொன்றுக்குத் தரவை அள்ளிக் கொடுக்காது. அந்த டேட்டாபேஸின் சொந்தக் கையேட்டில் தடித்த எழுத்தில் இருந்தது. இரவு இரண்டரை மணிக்கு, மாமாக் கடையில் தே தாரேக் ஆறிக்கொண்டிருக்க, அதை முதன்முறையாகப் படித்தேன். நல்ல தெளிவான நடை.

பேக்அப் இருக்கிறதா என்றால், இருக்கிறது. மீட்டுப் பார்த்தீர்களா என்று கேட்பது நம்பிக்கைக் குறைவு. 2017 ஜனவரி 31 இரவு கிட்லேபில் ஓர் ஊழியர் தவறான சர்வரில் கோப்புறையை அழித்தார். சுமார் 300 ஜிபியில் மிஞ்சியது 4.5 ஜிபி. ஐந்து விதமான காப்பு ஏற்பாடுகள் இருந்தன, ஐந்தும் கைகொடுக்கவில்லை. யாரோ வேறு வேலைக்காக ஆறு மணி நேரத்துக்கு முன் எடுத்திருந்த ஒரு பிரதி காப்பாற்றியது. மீட்பு வேலையை யூடியூபில் நேரலையாகக் காட்டினார்கள். நம்மூரில் அந்தத் துணிச்சல் யாருக்கும் வராது.

நாள் குறிப்பது எளிது. வெள்ளி மாலை நல்லது. தைப்பூசத்துக்கு முந்தின இரவு அதைவிட நல்லது: குழுவில் பாதிப் பேர் பத்துமலையின் 272 படியில் இருப்பார்கள், மீதிப் பேர் அவர்களைத் தேடிக்கொண்டிருப்பார்கள். பேங்க் நெகாராவின் கீழ் வரும் நிறுவனமென்றால் 2020 ஜனவரி முதல் நடப்பிலுள்ள விதி ஒன்றைக் கவனியுங்கள்: முக்கிய அமைப்புகள் வாடிக்கையாளருக்கு எதிர்பாராமல் முடங்குவது பன்னிரண்டு மாதத்தில் மொத்தம் 4 மணி நேரத்துக்குள், ஒரு தடவைக்கு 120 நிமிடத்துக்குள் இருக்க வேண்டும். இதை வருடாந்திர விடுப்பு மாதிரி பாருங்கள். எடுக்காவிட்டால் வீண்.

கடைசியாக ஒரு வெள்ளைப் பலகை வாங்கி வையுங்கள். 2019 ஆகஸ்டில் கேஎல்ஐஏ விமான நிலையத்தில் நெட்வொர்க் கருவி பழுதாகி, நாள்கணக்கில் விமான அறிவிப்புத் திரைகளும் பயணப்பதிவும் தடுமாறியபோது, ஊழியர்கள் விமான எண்ணையும் நுழைவாயிலையும் கையால் பலகையில்தான் எழுதினார்கள். ஒரே பலகை, ஒரே கை, எழுதியது அங்கேயே நிற்கும். இரண்டு கரைச் சண்டை கிடையாது. நல்ல அளவாக, சக்கரம் வைத்ததாகப் பாருங்கள். மார்க்கரின் மை காய்ந்துவிட்டதா என்று மட்டும் முன்கூட்டியே எழுதிப் பார்த்துவிடுங்கள். எதையோ ஒன்றைச் சோதித்தோம் என்று அறிக்கையில் போடலாம்.