கோத்தா இஸ்கண்டாருக்கு ஒரு விண்ணப்பம்

பெறுநர்: ஜொகூர் மாநில ஆட்சிக்குழு, கோத்தா இஸ்கண்டார்.

பொருள்: எங்கள் கோப்புகளை லண்டனுக்கு அனுப்பிவைக்கக் கோருதல்.

மதிப்பிற்குரிய ஐயா, அம்மா,

முதலில் பாராட்டு. பினாங்கும் சிலாங்கூரும் தகவல் சுதந்திரச் சட்டம் என்று ஒன்றை நிறைவேற்றி, வேலியில் போன ஓணானை மடியில் விட்டுக்கொண்டன. நீங்கள் அந்த வம்புக்கே போகவில்லை. 1972-ஆம் ஆண்டின் அதிகாரத்துவ ரகசியச் சட்டம் இருக்கையில் என்ன குறை? அதன் அட்டவணையில் அமைச்சரவைத் தாள்களுக்குப் பக்கத்திலேயே உங்கள் ஆட்சிக்குழுத் தாள்களும் பத்திரமாக இருக்கின்றன. அட்டவணையில் இல்லாத தாள் என்றாலும் கவலையில்லை. மாநில முதல்வரான மந்திரி பெசார் நியமித்த அதிகாரி 'சுலிட்' (ரகசியம்) என்று ஒரு முத்திரை குத்தினால் முடிந்தது. குத்தியது சரியா என்று எந்த நீதிமன்றமும் கேட்கக்கூடாது என்கிறது 16ஏ பிரிவு. தாளை வெளியே விட்டவருக்குக் குறைந்தது ஓராண்டு சிறை. ஏழாண்டு வரை போகலாம்.

சுற்றுப்பயணிகள் பயந்துவிடுவார்கள் என்று புகைமூட்டக் குறியீட்டையே 2005 ஆகஸ்டு வரை மூடிவைத்திருந்த நாடு நம்முடையது. அதைத் திறந்துவிட்டது பெரிய தப்பு. 2013 ஜூன் 23 அன்று மூவாரில் குறியீடு 746 என்று ஊருக்கே தெரிந்து, அவசரநிலை அறிவிக்க வேண்டியதாயிற்று. தெரியாமல் இருந்திருந்தால் மூவார்க்காரர்கள் நிம்மதியாக இருமிக்கொண்டிருப்பார்கள்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். 1953-இல் பத்து பூத்தே என்ற கடற்பாறை யாருடையது என்று சிங்கப்பூர்க் காலனி அரசு கேட்டது. செப்டம்பர் 21-ஆம் தேதி, ஜொகூரின் தற்காலிக அரசுச் செயலாளர் சில வரிகளில் பதில் போட்டார்: ஜொகூர் அதற்கு உரிமை கொண்டாடவில்லை. அவ்வளவுதான். 2008 மே 23-இல் அனைத்துலக நீதிமன்றம் அந்தப் பாறையைச் சிங்கப்பூருக்குக் கொடுத்தபோது, அந்தக் கடிதத்துக்குப் பெரிய பங்கு இருந்தது.

2017-இல் தீர்ப்பை மறு ஆய்வு செய்யக் கேட்டோமே, புதிய ஆதாரம் என்று காட்டிய மூன்று ஆவணங்கள் எங்கே கிடைத்தன? புத்ராஜெயாவிலா, ஜொகூர் பாருவிலா? லண்டன் கியூவில், பிரிட்டிஷ் தேசிய ஆவணக்காப்பகத்தில். ஒரு கடற்படை அதிகாரி 1958-இல் எழுதிய அறிக்கையும் குறிப்பெழுதிய ஒரு வரைபடமும் அவற்றில் உண்டு. நம்மை ஆண்டவன் பூட்டைத் திறந்துவைத்தான். நம் அரசு போய் எடுத்துக்கொண்டது. (2018-இல் அந்த மனுவை நாமே திரும்பப் பெற்றுக்கொண்டது வேறு கதை. அதை விசாரித்த அரச ஆணையத்தின் அறிக்கையும் முதலில் ரகசியமாகத்தான் இருந்தது. 2024 டிசம்பரில்தான் நாடாளுமன்றத்துக்கு வந்தது.)

ஆகவே என் விண்ணப்பம் சிறியது. நிலமும் காடும் மாநிலத்தின் அதிகாரம். எந்த நிலம் யாருக்குப் போனது, எந்தக் காட்டில் வெட்ட யாருக்கு அனுமதி என்பதை இங்கே எங்களுக்குக் காட்டச் சொல்லவில்லை. அது உங்கள் மரபுக்கு விரோதம். அந்தக் கோப்புகளை அப்படியே கியூவுக்கு அனுப்பிவிடுங்கள். விமான டிக்கெட் எங்கள் செலவு. அடுத்த வழக்கில் உங்கள் வழக்கறிஞர்களுக்கும் தேடுகிற வேலை மிச்சம்.

இப்படிக்கு,
ஸ்கூடாய்வாசி ஒருவன்

பி.கு.: இந்தக் கடிதத்துக்கும் முத்திரை குத்துவதானால் முன்கூட்டியே தெரிவிக்கவும். என்னிடம் ஒரு நகல் இருக்கிறது.