மைக் செட்டுத் தாத்தா சொல்லுதேன், கேட்டுக்கிடு

ஏல பேராண்டி, டெக் கான்ஃபரன்சுல பேசப் போறியாமே? ஒங்கம்மை தெரு பூராவும் சொல்லிட்டா. நீ இன்னும் விண்ணப்பமே போடலங்கது அவளுக்குத் தெரியாது. நானும் சொல்லிக்கிடல.

கோயில் கொடையில இருந்து தேர்தல் கூட்டம் வரைக்கும் ஆம்ப்ளிஃபையர் பக்கத்துலயே குந்திக் கேட்டவன்ல நான். ஒருத்தன் மைக்கத் தட்டிப் பாக்குத தட்டுலயே, இவன் எத்தன மணிக்கு எறங்குவான்னு சொல்லிருவேன்.

“இன்னும் நெறைய கத்துக்கிட்டுப் பேசலாம்னு இருக்கேன் தாத்தா”ங்க. நல்ல ரோசனைதான். குபர்நெட்டிசக் கரைச்சுக் குடிச்ச பொறவுதான் மேடையேறுவேன்னவன் இன்னும் குடிச்சுக்கிட்டே இருக்கான். அன்னைக்கு நடுராத்திரி டேட்டாபேஸ் படுத்துக்கிச்சுன்னு தலையில கைய வச்சு உக்காந்தியே, அதப் பேசு. நெட்வொர்க்க சந்தேகப்பட்ட, நேத்து கோடு போட்ட பயல வஞ்ச, கடைசியில பாத்தா லாக் ஃபைலு டிஸ்க்க அடச்சுக்கிட்டுக் கெடந்துச்சு. எங்கல்லாம் தேடுன, எது ஒன்ன ஏமாத்துச்சு, இப்ப அது வராம என்ன பண்ணி வச்சிருக்க, அவ்வளவுதான் பேச்சு. கேக்கவன் ஆபீசுலயும் அதே கூத்து நடந்திருக்கும். ‘செயற்கை நுண்ணறிவின் எதிர்காலம்’னு தலைப்பு வச்சாலும் கூட்டம் வரும். பத்து நிமிசத்துல பாதிப் பேரு காபி இருக்க பக்கம் போயிருவான்.

விண்ணப்பத்துல சுருக்கம் எழுதச் சொல்லுவாவ. அதுல போயி ‘முடிவை மேடையில் காண்க’ன்னு சஸ்பென்ஸ் வைக்காத. தேர்வுக் குழுவுல இருக்கவன் ஒரு கட்டு விண்ணப்பத்த வச்சுக்கிட்டு முழி பிதுங்கிக் கெடப்பான். யாருக்கான பேச்சு, கேட்டவன் என்னத்த எடுத்துட்டுப் போவான், இந்த ரெண்டையும் ஒடச்சு எழுது. நெறைய எடத்துல பேர மறைச்சுட்டுத்தான் படிக்காவளாம். அதனால ஒன் கம்பெனிப் பெருமை அங்க வேகாது. வேண்டாம்னு அனுப்பிட்டாவன்னா, ஏன்னு கேட்டுத் திருத்தி அடுத்த மாநாட்டுக்குப் போடு. அதுக்குப் போயி சோறு திங்காம கெடக்காத, ஆச்சி என்னத்தான் வைவா.

மொதல்லயே பெரிய மேடை வேண்டாம்ல. சென்னையில சென்னைபைன்னு பைத்தான் பிள்ளைய மாசாமாசம் கூடுதாவன்னு நீதான சொன்ன? அங்க போ. பெங்களூருல 2009-ல ஆரம்பிச்ச பைகான் இந்தியா மாதிரி எடத்துல லைட்னிங் டாக்குன்னு ஒண்ணு உண்டு, அஞ்சே நிமிசம். நம்ம கூட்டத்துல அஞ்சு நிமிசத்துல ‘அவர்களே’ போட்டு முடிக்கவே காணாது. அத விட்டுட்டு நேரா சங்கதிக்கு வரப் பழகிக்கிடலாம்லா.

வீட்டுல கண்ணாடி முன்னாடி பேசிப் பாக்காத. அது எல்லாத்துக்கும் ஆமாம் போடும். ஆச்சிகிட்டப் பேசு. எந்த எடத்துல அவ எந்திரிச்சு உலையப் பாக்கப் போறாளோ, அந்த எடத்த வெட்டிரு.

டெமோ காட்டியே தீருவியா? 1968 டிசம்பர் 9-ல சான் பிரான்சிஸ்கோவுல எங்கல்பார்ட்டுன்னு ஒரு மனுசன் 90 நிமிசம் காட்டுனாரு. கம்ப்யூட்டரு 30 மைலுக்கு அந்தப் பக்கம் மென்லோ பார்க்குல, ஆளு மேடையில. தான் உண்டாக்குன மௌசயும் அன்னைக்கு ஊரறியக் காட்டுனாரு, எல்லாம் ஓடுச்சு. 1998 ஏப்ரல்ல சிகாகோவுல பில் கேட்ஸ் மேடையில விண்டோஸ் 98-ல ஒரு ஸ்கேனரச் சொருகினாவ. திரை நீலமாப் போச்சு, சனம் சிரிச்சு உருண்டுச்சு. அந்தாளு அசரல. இதுக்குத்தான் இன்னும் கடைக்கு அனுப்பலன்னு அவரும் சேந்து சிரிச்சுட்டாரு. நீ கேட்சும் இல்ல, எங்கல்பார்ட்டும் இல்ல. ஓடுத டெமோவ வீடியோ புடிச்சு லேப்டாப்புல வச்சுக்கிடு. அரங்கத்து வைஃபைய நம்பாத. எழுத்தப் பெருசாக்கு, கடைசி வரிசையில கெழவனும் இருப்பான். வாட்ஸ்அப்ப மூடிரு. அந்தப் பிள்ள ‘சாப்டியா தங்கம்’னு அனுப்பி, அத அரங்கமே படிச்சுச்சுன்னா, எங்களுக்குப் பத்திரிகை அடிக்க செலவு மிச்சம்தான்.

பேசி முடிச்சதும் கேள்வி கேப்பாவ. தெரியாததத் தெரியாதுன்னு சொல்லு, மானம் ஒண்ணும் போயிராது. ஆனா ஒருத்தன் எந்திரிச்சு, “கேள்வி இல்ல, ஒரு கருத்து”ன்னு தொடங்குவான் பாரு, அவன்கிட்டதான் சாக்கிரத. எங்க காலத்துல அவன் மைக்கோட வயரு எங்கிட்ட இருந்துச்சு. ஒங்களுக்கு எல்லாம் கார்ட்லெஸ்ஸாம்லா!