சிற்றலைக்கு ஆசைப்பட்ட பேராண்டிக்கு

ரேடியோ வாங்கப் போறியா பேராண்டி? நல்ல காரியம். கையில இருக்கிற போன்ல லண்டனும் டொராண்டோவும் துலக்கமாக் கேக்குது. அதை மூடி வெச்சிட்டு, கைக்காசைப் போட்டு ஒரு பெட்டி வாங்கி, ராத்திரி முத்தத்தில உக்காந்து 'உஸ்ஸ்'னு இரைச்சல் கேக்கப் போறே. உங்க அம்மா உன்னை எங்கிட்ட அனுப்பினது நாலு புத்தி சொல்லித் தடுக்கத்தான். நான் தடுக்க மாட்டேன். எனக்கும் ஒரு கணக்கு இருக்கு.

நீ முதல்ல என்ன செய்வேன்னு எனக்குத் தெரியும். கண்டி டவுன்ல மணிக்கூட்டுக் கோபுரத்துப் பக்கம் இறங்கி, கடை கடையா ஏறி, கண்ணாடி அலமாரியில ஒரு பெட்டியப் பார்த்து மயங்குவே. முன்னால டோர்ச், முதுகில சோலார் தகடு, பக்கத்தில யூஎஸ்பி, உள்ள புளூடூத். நெத்தியில '12 பேண்ட்'னு தங்க எழுத்து. கடைக்காரத் தம்பி எஃப்எம்மைப் போட்டு அலற விடுவான், நீ காசை எடுப்பே. வாங்கு, தப்பில்ல. கரண்ட் போற நேரம் டோர்ச் உதவும்.

அந்த 12 என்னன்னு கேளு. ஷார்ட்வேவ்ங்கிறது 3 மெகாஹேர்ட்ஸ்ல இருந்து 30 வரைக்கும் ஓடுது. அதில ஒலிபரப்புக்காரங்களுக்கு அங்கங்க துண்டு நிலம் குடுத்திருக்கு. 49 மீட்டர், 31 மீட்டர், 25 மீட்டர்னு அதுக்குப் பேரு. அந்தத் துண்டுகளையும் சேர்த்து எண்ணித்தான் நெத்தியில போடுறான். துண்டு கூடிப்போச்சுன்னு காது கூர்மையாயிடாது. முள்ளு வெச்ச மலிவு டயல்ல ஒரு மயிரிழை தள்ளினா மூணு நிலையம் தாண்டிடும். நீ எங்க நிக்கிறேன்னு உனக்கும் தெரியாது, பெட்டிக்கும் தெரியாது.

இன்னொரு வேடிக்கையும் இருக்கு. மலிவுப் பெட்டி உள்ளுக்குள்ள வர்ற அலையை ஒரே ஒரு தடவைதான் மாத்தும். அநேகமா 455 கிலோஹேர்ட்ஸுக்கு மாத்தும். அப்படி மாத்துற பெட்டியில பலமான நிலையம் தன் இடத்தில ஒண்ணு, அதுக்கு 910 கிலோஹேர்ட்ஸ் தள்ளி ஒண்ணுன்னு ரெண்டு இடத்தில கேக்கும். நீ ரெண்டு நிலையம் புடிச்சேன்னு நோட்டுப் புத்தகத்தில எழுதுவே. எழுது, நான் சிரிக்க மாட்டேன். ரெண்டு தடவை மாத்துற பெட்டியில இந்தப் பேய் அவ்வளவா நடமாடாது.

பழைய சாமான் பைத்தியக்காரன் ஒருத்தனும் உன்னைப் புடிப்பான். "வால்வு ரேடியோ மாதிரி வருமா? கிருண்டிக் சாட்டலிட் மாதிரி வருமா?"ன்னு கண்ணைச் சொருகிப் பேசுவான். வராதுதான், சத்தம் அவ்வளவு கனமா இருக்கும். தோட்டத்தில துரை பங்களாவிலயும் பெரிய கிளாக்கர் வீட்டிலயும் ஒரு காலத்தில வால்வுப் பெட்டிதான் இருந்துச்சு. அதுக்கு லைசன்ஸ், கூரையில இருந்து மரத்துக்கு இழுத்த கம்பி, மேல லேஸ் துணி. சுவிட்சைப் போட்டா வால்வு சூடாகிற வரைக்கும் வாயைப் பொத்திக்கிட்டு நிக்கணும். பின்னால உபாலி விஜேவர்தன கம்பனியோட யுனிக் ரேடியோ வந்து லயத்துக்குள்ளயும் பாட்டுக் கேட்டுச்சு. அதெல்லாம் மரியாதைக்குரிய சாமான். ஆனா உன் முதல் பெட்டி அது இல்ல. உள்ள கண்டன்சர் காய்ஞ்சு கிடக்கும், டயல் நூல் அறுந்து கிடக்கும், ரிப்பேர் பண்ணத் தெரிஞ்ச மனுசன் கண் ஆப்பரேசனுக்குப் போயிருப்பான். நீ ரேடியோ கேக்க மாட்டே, ரேடியோக்காரனைத் தேடிக்கிட்டு இருப்பே.

சரி, உனக்கு இந்த ஆசை எங்கிருந்து வந்துச்சுன்னு நான் கேக்கல. கண்டி மண்ணுக்கே அந்தக் குணம் உண்டு. 1944 ஏப்ரல்ல யுத்தத் தளபதி மவுண்ட்பேட்டன் பிரபு 'சியாக்'ங்கிற தன்னோட தென்கிழக்காசியப் படைத் தலைமையகத்தை டில்லியில இருந்து தூக்கிட்டு வந்து பேராதனைப் பூங்காவில போட்டாரு. அவர் தங்கினது கிங்ஸ் பெவிலியன்ல, இப்போ அது ஜனாதிபதி மாளிகை. பர்மாக் காட்டில கிடந்த சிப்பாய்களுக்குப் பாட்டும் செய்தியும் போகணும்னுதான் 'ரேடியோ சியாக்' பிறந்துச்சு. அதுக்காக ஜா-எலப் பக்கம் ஏக்கலையில 100 கிலோவாட் ஷார்ட்வேவ் டிரான்ஸ்மிட்டர் நட்டாங்க. அது வேலையை ஒழுங்காத் தொடங்கும்போது யுத்தமே முடிஞ்சு போச்சு. வெள்ளைக்காரன் கணக்கு அப்படி. 1949ல அந்த யானை இலங்கை அரசாங்கத்துக்கு வந்துச்சு, ரேடியோ சிலோன் ஆச்சு, 1950ல வர்த்தக சேவையும் தொடங்கிச்சு.

அங்கால இந்தியாவில 1952ல கேஸ்கர்னு ஒரு மந்திரி வந்தாரு. சினிமாப் பாட்டு ஜனங்களைக் கெடுக்குதுன்னு ஆகாசவாணியில அதை ஒடுக்கிட்டாரு. அவ்வளவுதான், முழு இந்தியாவும் முள்ளைக் கொழும்புக்குத் திருப்பிடுச்சு. அறிவிப்பாளர் இந்தியில அமீன் சயானி, தமிழ்ல எஸ்.பி. மயில்வாகனன். மூச்சு விடாம அவர் பேசுறதைக் கேக்கவே தமிழ்நாட்டுத் தேத்தண்ணிக் கடையில கூட்டம். 1957ல விவித பாரதி தொடங்கித்தான் போன சனத்தைத் திருப்பிக் கூப்பிட்டாங்க. ஒரு மந்திரி ஒழுக்கத்தைக் காப்பாத்தப் போய் நம்ம தீவுக்கு விளம்பரக் காசு கொட்டிச்சு. மந்திரிமார் நல்லது செய்யவே மாட்டாங்கன்னு சொல்லாதே.

இதில உனக்கு ஒரு பாடம் இருக்கு, கேளு. மேல் அலைவரிசையில ஏக்கலையில ஏத்தின சத்தம் நாக்பூர்ல மணியா விழுந்துச்சு. அதே சத்தம் பக்கத்தில இருக்கிற கண்டியில ஈனமாக் கேட்டுச்சு, இல்லாட்டிக் கேக்கவே இல்ல. அலை சாய்வா வானத்துக்குப் போய், இருநூறு முந்நூறு கிலோமீட்டர் உசரத்தில அயனமண்டலத்தில முட்டித் திரும்பி, தூரத்தில போய்த்தான் இறங்கும். நடுவில இருக்கிறவன் தலைக்கு மேல தாண்டிப் போயிடும். அதனால பெட்டி வாங்கின அன்னைக்கே "கொழும்பு கேக்கல, ஏமாத்திட்டான்"னு கடைக்குச் சண்டைக்குப் போகாதே. ஷார்ட்வேவ்ல சொந்தக்காரன் தூரமா இருந்தாத்தான் பேச்சு வார்த்தை.

அதே காரணத்தால மலையும் தடை இல்ல. எஃப்எம்முக்கு ஹந்தானைக் கோபுரம் கண்ணுக்குப் பட்டாகணும், மலை முதுகுக்குப் பின்னால போனா உளறும். ஷார்ட்வேவ் மேல இருந்து இறங்குறதால கலஹாப் பள்ளத்திலயும் கேக்கும், தெல்தெனியாவிலயும் கேக்கும்.

இப்ப என்ன பெட்டின்னு சொல்றேன். அலைவரிசை எண்ணாத் தெரியணும், எண்ணைத் தட்டினா நேரா அங்க போகணும், ஒவ்வொரு கிலோஹேர்ட்ஸா நகரணும். 'எஸ்எஸ்பி' இருக்கணும். அமெச்சூர் ரேடியோக்காரங்க பேசுறது அந்த முறையில. அது இல்லாத பெட்டியில அவங்க பேச்சு, மூக்கைப் புடிச்சுக்கிட்டு வாய்க்குள்ள வெத்தில குதப்புற மாதிரித்தான் வரும். நம்ம நாட்டு ஆளுங்க கூப்பிடு பேரு 4எஸ்-னு தொடங்கும், தேடிப் பாரு. வெளிக் கம்பி சொருக ஒரு ஓட்டையும் வேணும். பட்டரி எந்தக் கடையிலயும் கிடைக்கிறதா இருக்கணும், இது பெரிய விசயம்.

பேரு சொல்லாம விட்டா "கிழவனுக்குத் தெரியாது"ன்னு போவே. டெக்சன் பிஎல்-330 சட்டைப் பைக்குள்ள போகும், எஸ்எஸ்பியும் உண்டு. பழைய நோக்கியா போன்ல கிடந்த அதே தட்டைப் பட்டரிதான் அதுக்கும். எக்ஸ்எச்டேட்டா டி-808ம் அந்த இனம்தான், அதுக்கு டோர்ச்சுக்குப் போடுற 18650 பட்டரி. கொஞ்சம் கை நீளமா இருந்தா டெக்சன் பிஎல்-660, நாலு பென்டோர்ச் பட்டரியில ஓடும். எழுத்துப் பெருசாத் தெரியும், சத்தமும் கொஞ்சம் கனம். நான் உன் இடத்தில இருந்தா அதுதான். உனக்கு இளங்கண்ணு, சின்ன எழுத்தே போதும்னு நினைக்காதே. கண்ணு எப்பவும் இளசா இருக்காது. காதும் அப்படித்தான், அதனால ஸ்பீக்கரைக் கவனிச்சு வாங்கு. சொல்லிட்டேன்.

பெட்டிய விட உன் வீடுதான் பிரச்சினை. கட்டுகஸ்தோட்டையில உங்கப்பா கட்டின மாடி வீட்டை நான் பார்த்தேன். ஒவ்வொரு அறையிலயும் எல்ஈடி பல்பு, மூலைக்கு மூலை போன் சார்ஜர், வைஃபை பெட்டி, கூரை முழுக்கச் சோலார், கீழ இன்வர்ட்டர். ஒவ்வொண்ணும் உன் காதுக்குள்ள 'கர்ர்'னு பேசும். ஆயிரக்கணக்கான மைல் தாண்டி வந்த குரலை உன் சார்ஜர் கழுத்தை நெரிச்சிடும். அந்தப் பழியை நீ ரேடியோ மேல போடுவே, எல்லாரும் அப்படித்தான் போடுறாங்க.

ஷார்ட்வேவ் கேக்கிறவனுக்கு இந்த நாட்டில எப்பேர்ப்பட்ட வாய்ப்பெல்லாம் வந்துச்சு தெரியுமா? 2022 மார்ச் கடைசியில ஒரு நாளைக்கு 13 மணி நேரம் வரைக்கும் கரண்டை வெட்டினாங்க. ஊரே சபிச்சுச்சு. ரேடியோப் பைத்தியங்க மட்டும் சத்தமில்லாமச் சிரிச்சிருக்கும். 2025 பெப்ரவரி 9, ஞாயிற்றுக்கிழமை, பாணந்துறை உப மின்நிலையத்தில ஒரு குரங்கு கை வெச்சதில முழுத் தீவும் அணைஞ்சுச்சுன்னு மந்திரியே சொன்னாரு. இலங்கையில இரைச்சலை இவ்வளவு சுத்தமா ஒழிச்ச எஞ்சினியர் வேற யாரும் இல்ல. அவருக்குப் பதவி உயர்வு கிடைச்ச மாதிரித் தெரியல.

குரங்கை நம்பி இருக்க முடியாதுல்ல. அதனால பத்து மீட்டர் பிளாஸ்டிக் உறை போட்ட வயர் வாங்கு. வீட்டை விட்டுத் தள்ளிப் பலா மரத்துக்கு இழு. மெயின் லைனுக்குப் பக்கத்தில, அதுக்கு மேல கீழ போகக் கூடாது. சின்னப் பெட்டிக்கு நாப்பது மீட்டர் கம்பியைக் கட்டினா அது திக்குமுக்காடிப் போகும், பேராசை வேண்டாம். சித்திரை மாசத்திலயும் ஐப்பசியிலயும் நம்ம பக்கம் பின்னேரம் இடி இறங்குறது உனக்கே தெரியும். மேகம் கறுத்தா முதல்ல கம்பியைக் கழட்டி வெளிய போடு, அப்புறம் கொடியில கிடக்கிற துணியை எடு. அம்மா ஏசினா நான் சொன்னேன்னு சொல்லு.

நேரமும் தெரியணும். பகல்ல 13, 16, 19 மீட்டர். பொழுது சாஞ்சா 25ம் 31ம். நல்லா இருட்டினப்புறம் 41ம் 49ம். பகல்ல சூரியன் கீழ்ப்பக்கம் ஒரு படலத்தை உண்டாக்கி வெச்சு அடி அலைகளைக் குடிச்சிடும், இருட்டினா அந்தப் படலம் கலைஞ்சிடும். சூரியனுக்குப் பதினோரு வருசத்துக்கு ஒருக்கா பொட்டுக் கூடும், அப்போ மேல் அலைகள் நல்லா வரும். 2024ல அது உச்சத்துக்கு வந்துச்சு, இனி மெல்ல இறக்கம்தான். அதனால மேல் அலைகளைக் கேக்க நினைச்சா தள்ளிப் போடாதே. உச்சம் தாண்டினப்புறம் வாங்க வந்திருக்கே. உங்க குடும்பத்துக்கே அது வழக்கம்.

நிலையக்காரங்க நேரம் போடுறது கிரீன்விச் கணக்கில. அதோட அஞ்சரையைக் கூட்டு. உனக்கு லேசு. 1996ல மின்சாரத்தை மிச்சம் புடிக்கிறோம்னு மே மாசம் ஆறரை ஆக்கினாங்க, ஒக்டோபர்ல ஆறு ஆக்கினாங்க, 2006 ஏப்ரல்ல திரும்பவும் அஞ்சரைக்கு வந்தாங்க. வானத்தில அலை தன் பாட்டுக்கு வந்து போச்சு, நாங்கதான் விரலை மடக்கி எண்ணிக்கிட்டு நின்னோம்.

தமிழ்ல என்ன கேக்கும்னு நீ இன்னும் கேக்கல. கேக்காம இருக்கிறதே நல்லது. பிபிசி தமிழ் 1941ல தொடங்கிச்சு. அதுக்குத் 'தமிழோசை'ன்னு பேரு வெச்சதே நம்ம யாழ்ப்பாணத்து சோ. சிவபாதசுந்தரம்தான். 2017 ஏப்ரல் 30ஓட அது வானொலியில ஓய்ஞ்சு போச்சு. மாஸ்கோ வானொலித் தமிழும் போச்சு. பிலிப்பைன்ஸ்ல இருந்து வந்த வேரித்தாஸ் தமிழும் ஷார்ட்வேவ்ல இல்ல. இரணவிலயில டிரான்ஸ்மிட்டர் வெச்சிருந்த அமெரிக்கக்காரன் 2016ல கட்டிக்கிட்டுப் போயிட்டான். 1984ல திருகோணமலையில வந்து குந்தின ஜெர்மன்காரன் தன் டிரான்ஸ்மிட்டரை நம்ம ஒலிபரப்புக் கூட்டுத்தாபனத்துக்கே விட்டுட்டுப் போயிட்டான். ஆனா சீன வானொலித் தமிழ் 1963 ஆகஸ்ட்ல தொடங்கினது, இன்னும் விடாமப் புடிச்சு நிக்குது. சீனப் பெண் பிள்ளை சுத்தத் தமிழ்ல வணக்கம் சொல்லும். நீ பதில் சொல்லும்போது ரெண்டு இங்கிலீசு வார்த்தை கலக்காமப் பாத்துக்க.

தமிழ் மட்டும்னு நினைச்சா ஏமாந்து போவே. அரபு, உருது, ஜப்பான், பெயர் தெரியாத பாட்டு, கப்பல்காரன் பேச்சுன்னு புரியாததைக் கேக்கிறதிலதான் இந்தப் பித்தே இருக்கு. கேட்டதை நேரம், அலைவரிசை, என்ன சொன்னாங்கன்னு ரெண்டு வரி எழுதி அனுப்பு. சில நிலையம் இன்னமும் அத்தாட்சி அட்டை அனுப்பும், நல்ல படம் போட்டு. தபால்காரன் உன் வீட்டு வாசல்ல நிக்கிறதைப் பக்கத்து வீட்டுக்காரன் பார்க்கட்டும், நோட்டீஸ் வந்திருக்குன்னு நினைச்சுப்பான்.

வாங்குறதுன்னு முடிவாச்சுன்னா பிஎல்-660ஐயே சொல்லிவிடு. பார்சல் வந்ததும் பிரிக்காம இங்க கொண்டு வா. உன் வீட்டில சோலார், இன்வர்ட்டர், வைஃபை. இங்க இந்த மேட்டில ஒரே ஒரு குண்டு பல்பு, அதையும் எட்டு மணிக்கு அணைச்சிடுவேன். பலா மரம் இருக்கு, கம்பிகூட இழுத்தாச்சு. பெட்டி பழகுற வரைக்கும் எங்கிட்டயே கிடக்கட்டும். நீ ஞாயிற்றுக்கிழமை வந்து கேட்டுட்டுப் போ. வரும்போது பென்டோர்ச் பட்டரி நாலு வாங்கிட்டு வந்திடு.