உள்ளூர் மாடு

1887-இல் ஆக்ஸ்ஃபோர்டில் எட்வர்ட் ஃப்ரீமன் என்ற சரித்திரப் பேராசிரியருக்குக் கோபம் வந்தது. நெஞ்சை மறைக்கிற தாடிக்காரர். கோபம் அவருக்குப் புதிதுமில்லை. இந்த முறை காரணம், இங்கிலீஷ் இலக்கியத்தையும் பட்டப்படிப்பில் சேர்க்கலாமே என்று சிலர் கிளம்பியிருந்ததுதான். இங்கிலாந்தில், இங்கிலீஷ்காரப் பிள்ளைகள், இங்கிலீஷ் படிப்பதாவது! அதற்கு ஒரு வாத்தியார், ஒரு பரீட்சை, ஒரு டிகிரி வேறா?

கடைசியில் இது கவிஞன் ஷெல்லியைப் பற்றி வம்பளப்பதில்தான் போய் முடியும் என்றார் ஃப்ரீமன். ஒருவனுடைய ரசனைக்கு எப்படிப் பரீட்சை வைப்பீர்கள் என்றும் கேட்டார். கிரேக்க வினைச்சொல்லைத் தப்பாக எழுதினால் சுழிக்கலாம். ஷெல்லியைப் படித்துக் கண்ணில் நீர் வந்தது என்று ஒரு பையன் எழுதினால் எத்தனை சொட்டுக்கு எத்தனை மார்க்?

மனிதர் சும்மா சொல்லவில்லை. முந்தின வருஷம்தான் டௌடன் என்ற பேராசிரியர் ஷெல்லியின் வாழ்க்கையை இரண்டு தடித்த தொகுதிகளாகப் போட்டிருந்தார். பதினாறு வயது ஹாரியட்டை ஷெல்லி கூட்டிக்கொண்டு ஓடியது, மூன்றே வருஷத்தில் அவளை விட்டுவிட்டு மேரி என்பவளைக் கூட்டிக்கொண்டு ஓடியது எல்லாம் அதில் இருந்தன. படித்தவர்கள் தேநீர்க் கோப்பையும் கையுமாக உட்கார்ந்து, தப்பு யார் பேரில் என்று பஞ்சாயத்துப் பண்ணிக்கொண்டிருந்தார்கள். நம் திண்ணையில் நடப்பதுதான். அங்கே கூடவே கொஞ்சம் கேக்.

ஷெல்லிக்கும் ஆக்ஸ்ஃபோர்டுக்கும் பழைய பாக்கியும் உண்டு. 1811-இல் நாத்திகம் ஏன் அவசியம் என்று ஒரு துண்டுப் பிரசுரம் அச்சடித்தான் பையன். அடித்ததோடு சும்மா இருந்தானா? ஒவ்வொரு பிஷப்புக்கும் தபாலில் அனுப்பிவைத்தான். யூனிவர்சிட்டி காலேஜ் அவனைச் சீட்டுக் கிழித்து வெளியே அனுப்பியது. அப்பேர்ப்பட்டவனைப் பாடமாக வைப்பதா? 1887 தீர்மானம் தோற்றது.

இத்தனைக்கும் இங்கிலீஷுக்கு எங்குமே இடமில்லாமல் இல்லை. எடின்பரோவில் ஸ்காட்லாந்துக்காரர்கள் 1762-லேயே ஹியூ பிளேர் என்பவரை நாற்காலி போட்டு உட்காரவைத்துவிட்டார்கள். லண்டனில் புதிதாகத் திறந்த பல்கலைக்கழகம் 1828-இல் தாமஸ் டேல் என்ற பாதிரியாரைப் பிடித்துப் போட்டது. ஆனால் ஆக்ஸ்ஃபோர்டின் கண்ணுக்கு அதெல்லாம் கடைத்தெரு.

ஏழு கடல் தாண்டிய கதை வேறு. சமஸ்கிருதமும் அரபியும் தனக்குத் தெரியாது என்று ஒப்புக்கொண்டுவிட்டு, அடுத்த மூச்சில் அவை இரண்டும் தேறாது என்று தீர்ப்பெழுதிய மெக்காலேயின் கல்விக் குறிப்பு 1835-இல் வந்தது. கல்கத்தா இந்து காலேஜில் வங்காளத்துப் பையன்கள் ஷேக்ஸ்பியரை உருப்போட்டுக்கொண்டிருந்தார்கள். அதாவது ஹாம்லெட்டுக்குப் பரீட்சை எழுதும் பாக்கியம் ஹூக்ளிக் கரையில் இருந்தவனுக்கு வாய்த்தது, ஆக்ஸ்ஃபோர்டில் இருந்தவனுக்கு வாய்க்கவில்லை. உள்ளூர் மாடு விலை போகாது என்பது சும்மாவா?

1857-இல் சென்னைப் பல்கலைக்கழகம் வந்தது. அதன் முதல் பி.ஏ. பட்டதாரிகள் இரண்டு பேர், இருவரும் யாழ்ப்பாணத்துக்காரர்கள். அதில் ஒருவர் சி.வை. தாமோதரம் பிள்ளை. இங்கிலீஷில் பரீட்சை எழுதிப் பட்டம் வாங்கிய அந்த மனிதர் நேரே போய் உட்கார்ந்தது கரையான் தின்ற ஏட்டுச் சுவடிகளுக்கு முன்னால். ஃப்ரீமன் ஷெல்லியைத் திட்டிய அதே 1887-இல்தான் அவர் கலித்தொகையை அச்சில் கொண்டுவந்தார். அங்கே ஒருவர் தன் மொழிக் கவிதையை வாசலில் நிறுத்திக் கதவைச் சாத்துகிறார். இங்கே ஒருவர் தன் மொழிக் கவிதையைப் பரணிலிருந்து இறக்கித் தூசி தட்டுகிறார். இருவரையும் ஒரு பெஞ்சில் உட்காரவைத்துப் பேசவிட்டிருக்க வேண்டும்.

ஆக்ஸ்ஃபோர்டில் இதற்குக் கொஞ்சம் முன்னால் ஒரு பங்காளிச் சண்டையும் நடந்தது. 1885-இல் மெர்ட்டன் காலேஜ் தயவில் ஆங்கில மொழி, இலக்கியப் பேராசிரியர் என்று ஒரு பதவி உண்டானது. இலக்கியவாதிகள் எல்லாம் தலை வாரிக்கொண்டு காத்திருந்தார்கள். வேலை கிடைத்ததோ ஜெர்மனியில் கோட்டிங்கனில் இருந்த ஆர்தர் நேப்பியருக்கு. அவர் சொல்லின் வேரைத் தோண்டுகிற பழைய இங்கிலீஷ் பண்டிதர். கவிதையைக் காட்டினால் அதில் உயிரெழுத்து எப்போது திரிந்தது என்று பார்க்கிற ரகம்.

மனுப் போட்டுத் தோற்றவர்களில் ஒருவர் ஜான் சர்ட்டன் காலின்ஸ். அவருக்கு வந்த ஆத்திரத்தில் யாரையாவது கடித்தாக வேண்டும். அகப்பட்டவர் எட்மண்ட் காஸ். கேம்பிரிட்ஜில் சொற்பொழிவாற்றிப் பேர் வாங்கியவர், காலின்ஸுக்குச் சிநேகிதர் வேறு. காஸின் புத்தகத்தை 1886-இல் ஒரு பத்திரிகையில் வரிவரியாக உரித்துத் தொங்கவிட்டார் காலின்ஸ். சிட்னியின் ‘ஆர்க்கேடியா’ உரைநடை. அதைச் செய்யுள் என்று நினைத்துவிட்டாராம் காஸ். சிலப்பதிகாரத்தைச் சிறுகதைத் தொகுப்பு என்று ஒரு தமிழ்ப் பேராசிரியர் சொன்னால் என்ன ஆகும்? அது ஆனது. டென்னிசன் காஸின் பக்கம். இலக்கியத்தின் கூந்தலில் ஒட்டிய பேன் என்று காலின்ஸைப் பற்றி அந்தக் கிழவர் சொன்னதாகக் கதை. அரசவைக் கவிஞர் அல்லவா, திட்டும்போதும் உருவகம் தப்பவில்லை.

ஃப்ரீமன் 1892-இல் ஸ்பெயினில் பெரியம்மை கண்டு போய்ச் சேர்ந்தார். நல்லவேளை, அடுத்த வருஷம் நடந்ததைப் பார்க்கவில்லை. 1893-இல் ஷெல்லி ஆக்ஸ்ஃபோர்டுக்குத் திரும்பி வந்தான். துரத்திய அதே காலேஜுக்குள், வெள்ளைப் பளிங்கில், கடலில் மூழ்கிக் கரை ஒதுங்கிய கோலத்தில், உடம்பில் ஒட்டுத் துணி இல்லாமல் வந்து படுத்துக்கொண்டான். சிலையை இலவசமாகக் கொடுத்தது ஷெல்லி குடும்பத்து மருமகள். கட்டணமில்லாமல் வந்தால் நாத்திகனுக்கும் இடம் உண்டு போலும். இன்றும் அங்கேதான் படுத்திருக்கிறான்.

மறு வருஷம், 1894-இல், இங்கிலீஷ் படிப்புக்கு அனுமதி கிடைத்தது. ஆனால் ஒரு நிபந்தனை: சுகமாக இருக்கக் கூடாது. மடியில் வைத்து நாவல் படிப்பதற்கெல்லாம் பட்டம் தர முடியுமா? ஆகவே பழைய இங்கிலீஷ், அதில் எழுதிய பேவுல்ஃப் காவியம், போதாக்குறைக்கு காத்திக் என்று செத்துப்போன பாஷைச் சமாசாரங்களை எல்லாம் கூட்டி வந்து வாசலில் காவல் வைத்தார்கள். கிரேக்கம் மாதிரி கஷ்டமாக இருந்தால்தான் அது படிப்பு. அப்படியும் ஆண்பிள்ளைகள் ஏறெடுத்துப் பார்க்கவில்லை. ஆரம்பத்தில் வந்து படித்தவர்களில் பெரும்பாலோர் பெண்கள். அவர்களுக்குப் பட்டம் கொடுப்பது பற்றி ஆக்ஸ்ஃபோர்டு நிதானமாக யோசித்து 1920-இல் ஒரு முடிவுக்கு வந்தது.

இலக்கியத்துக்கென்றே ஒரு பேராசிரியர் 1904-இல்தான் அமைந்தார். வால்டர் ராலே என்று பெயர். தலைப்பாகை கட்டிய மாணவர்கள் அவருக்குப் புதிதில்லை. 1885 முதல் இரண்டு வருஷம் அவர் இங்கிலீஷ் இலக்கியம் சொல்லிக்கொடுத்தது அலிகாரில். ஆக்ஸ்ஃபோர்டு கதவைச் சாத்திக்கொண்டிருந்த நாளில் அலிகாரில் மணியடித்து வகுப்பு நடந்தது. நம் ஊரில் தொழில் பழகிவிட்டு அங்கே போய் வேலைக்குச் சேர்ந்தார் என்று சொன்னால் யாரும் சண்டைக்கு வர முடியாது.

பின்னால் பேராசிரியராக வந்த டோல்கீன், பேவுல்ஃப் வகுப்புக்குள் நுழைந்ததுமே அதன் முதல் சொல்லை அடிவயிற்றிலிருந்து கத்துவாராம். கேளுங்கள் என்கிற மாதிரி ஒரு சொல். “சத்தம் போடாதே” என்று இங்கிலீஷில் அதட்டுகிறார் என்று நினைத்துப் பையன்கள் கப்சிப். அந்தக் குரலில் மயங்கியவர்களில் ஆடன் என்று ஒரு பையன். பரீட்சையில் அவன் வாங்கியது மூன்றாம் வகுப்பு. 1956-இல் அவரையே கவிதைப் பேராசிரியராகத் தேர்ந்தெடுத்துக் கூப்பிட்டார்கள்.

நான் பி.ஏ. இங்கிலீஷ் படித்த காலேஜில் ஷெல்லி வகுப்பு மத்தியானம் சாப்பாட்டுக்கு அப்புறம். மேல்காற்றைப் பற்றிய பாட்டுக்கு எங்கள் சார் நோட்ஸ் சொல்லிக்கொண்டே போவார். ஃபேன் காற்றில் பாதி வகுப்பு சாய்ந்திருக்கும். ஒரு நாள் புத்தகத்தை மூடிவிட்டு, “இவன் லேசுப்பட்ட ஆள் இல்லடா” என்று ஹாரியட் கதையை ஆரம்பித்தார். கடைசி பெஞ்சு வரை முழித்துக்கொண்டது. “அப்புறம் சார்?” என்று கேட்டவன் அதுவரை வகுப்பில் வாயே திறக்காதவன். பெல் அடித்தும் யாரும் எழுந்திருக்கவில்லை.

ஷெல்லியின் புரட்சிக் கருத்துகளை விளக்குக என்று செமஸ்டரில் கேள்வி வந்தது. எனக்கு ஞாபகம் இருந்தது ஹாரியட் மட்டும். அவளை வைத்தே இரண்டரைப் பக்கம் எழுதினேன், நடுவில் இரண்டு இடத்தில் புரட்சி என்ற சொல்லைத் தூவி, அடிக்கோடும் போட்டு. ஃப்ரீமன் கேட்டாரே, வம்புக்கு எப்படி மார்க் போடுவது என்று? பதினைந்துக்கு ஒன்பது போட்டிருந்தார்கள்.