ஒரே ராக்கெட், இரண்டு எஜமானர்கள்

கே: விண்வெளியை முதலில் தொட்டது விஞ்ஞானியா, ராணுவமா?
– கல்லூரி மாணவி, திருச்சி

ப: ராணுவம். 1944 ஜூனில் ஜெர்மனி செங்குத்தாக ஏவிப் பார்த்த ஒரு வி-2 ஏவுகணை 100 கிலோமீட்டர் உயரத்தைத் தாண்டியது. மனிதன் செய்த ஒரு பொருள் விண்வெளிக்குப் போனது அதுவே முதல்முறை. மிட்டல்பாவ்-டோரா முகாமின் கைதிகளைச் சுரங்கத்துக்குள் அடிமைகளாக வேலை வாங்கித்தான் அந்த ஏவுகணைகளைத் தயாரித்தார்கள். வி-2 விழுந்து செத்தவர்களைவிட அதைச் செய்யும்போது செத்தவர்கள் அதிகம். அதை வடிவமைத்த வெர்னர் வான் பிரவுன்தான் பிற்பாடு நாசாவுக்கு சாட்டர்ன்-5 ராக்கெட்டை உருவாக்கித் தந்தவர். நிலவுப் பயணத்தின் கதையைப் பிள்ளைகளுக்குச் சொல்லும்போது அந்தச் சுரங்கத்தையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

கே: ஸ்புட்னிக்காவது அமைதிக்கானதுதானே?
– ஓய்வுபெற்ற தபால் ஊழியர், நாகர்கோவில்

ப: ஸ்புட்னிக் அமைதிக்கானதுதான். 83 கிலோ எடையில் ஓர் உலோகப் பந்து; 'பீப் பீப்' என்று ஒலித்ததைத் தவிர யாருக்கும் ஒரு தீங்கும் செய்யவில்லை. ஆனால் 1957 அக்டோபர் 4 அன்று அதைச் சுமந்து போன ஆர்-7, அணுகுண்டைச் சுமப்பதற்காகச் செய்த கண்டம் விட்டுக் கண்டம் பாயும் ஏவுகணை. அமெரிக்கா கதிகலங்கியது பந்தைப் பார்த்து அல்ல, ராக்கெட்டைப் பார்த்து. அதை உருவாக்கிய செர்கெய் கொரோலியோவின் பெயரை 1966இல் அவர் இறக்கும்வரை சோவியத் அரசு வெளியிடவே இல்லை. பூமியைச் சுற்றிய முதல் செயற்கைக்கோளைச் செய்தவருக்கு உயிரோடு இருந்தபோது ஒரு கைதட்டல்கூடக் கிடைக்கவில்லை. ராணுவ ரகசியம் வாங்கும் விலைகளில் இதுவும் ஒன்று.

கே: நாசாவை ராணுவத்திலிருந்து பிரித்தது உண்மையான பிரிவினையா, கண்துடைப்பா?
– வழக்கறிஞர், மதுரை

ப: உண்மையான பிரிவினைதான். ஆனால் வீட்டைப் பிரித்த பிறகும் பின்வாசல் திறந்தே இருந்தது. 1958 அக்டோபர் 1 அன்று நாசா வேலையைத் தொடங்கியது. என்ன செய்கிறோம், எங்கே தோற்றோம் என்று உலகத்துக்குச் சொல்லிக்கொண்டே அது வேலை செய்தது. அதே காலத்தில் அமெரிக்க விமானப்படையும் சிஐஏவும் 'கொரோனா' என்ற உளவுத் திட்டத்தை நடத்தின. வெளியே அதற்கு வைத்த பெயர் 'டிஸ்கவரர்'. சொன்ன காரணம், அறிவியல் ஆய்வு.

தொடர்ந்து தோல்விகள். 1960 ஆகஸ்டில்தான் பலித்தது. அன்று டிஜிட்டல் கேமரா ஏது? செயற்கைக்கோள் பிலிமில் படம் எடுத்து, சுருளை ஒரு கூட்டுக்குள் வைத்து பூமிக்குக் கழற்றிவிடும். பாராசூட் விரிந்து கூடு இறங்கும்போது, ஹவாய் அருகே பசிபிக் கடலின் மேல் ஒரு சரக்கு விமானம், வாலில் கயிறும் கொக்கியுமாகக் காத்திருந்தது. இரண்டு முறை தப்பியது. மூன்றாம் முறை பாராசூட் கொக்கியில் மாட்ட, நடுவானிலேயே சுருட்டி உள்ளே இழுத்துக்கொண்டார்கள். அந்த ஒரு சுருளில் இருந்த சோவியத் நிலப்பரப்பு, அதுவரை யு-2 உளவு விமானங்கள் எல்லாம் சேர்ந்து எடுத்ததைவிட அதிகம். 1995 வரை இந்தக் கதை பெட்டிக்குள் பூட்டிக் கிடந்தது.

கே: உளவுப் படங்களால் பொதுமக்களுக்கு என்ன லாபம்?
– இல்லத்தரசி, காரைக்குடி

ப: பூட்டைத் திறந்த பிறகு, மிகப் பெரிய லாபம். கொரோனா எடுத்த எட்டு லட்சத்துக்கும் அதிகமான படங்கள் வெளியே வந்தன. அணைகளில் மூழ்கியும் நகரங்கள் வளர்ந்தும் மறைந்துபோன மேற்காசியத் தொல்லியல் மேடுகளை அவற்றில்தான் ஆய்வாளர்கள் தேடிக் கண்டுபிடிக்கிறார்கள். அடுத்து வந்த 'ஹெக்ஸகன்' உளவுப் படங்களை இன்றைய படங்களோடு ஒப்பிட்டு, 650 இமயமலைப் பனியாறுகளை ஆராய்ந்த ஆய்வு 2019இல் வெளியானது. 2000க்குப் பிறகு பனி உருகும் வேகம், அதற்கு முந்தைய கால் நூற்றாண்டைப் போல இரண்டு மடங்கு. கங்கையை நம்பி வாழும் நாம் இதை அறிந்தது உளவாளி எடுத்த படத்தால்.

இன்னொன்று. அணுகுண்டுச் சோதனைகளைக் கண்காணிக்க அமெரிக்கா ஏவிய 'வேலா' செயற்கைக்கோள்கள் 1967இல் விசித்திரமான காமா கதிர் வீச்சு ஒன்றைப் பதிவு செய்தன. அது குண்டு அல்ல, ஆழ்விண்வெளியில் நடந்த மாபெரும் வெடிப்பு ஒன்றின் ஒளி. வானியலில் பெரிய கண்டுபிடிப்புதான். உலகத்துக்குச் சொன்னது 1973இல்.

கே: ஜிபிஎஸ் ராணுவத்தின் சொத்தா? என் கைபேசிக்கு எப்படி வந்தது?
– ஆட்டோ ஓட்டுநர், கோயம்புத்தூர்

ப: இன்றைக்கும் அது அமெரிக்க ராணுவம் நடத்தும் அமைப்புதான். 1983 செப்டம்பரில் கொரிய பயணிகள் விமானம் ஒன்று வழி தவறி சோவியத் எல்லைக்குள் நுழைந்தது. அதைச் சுட்டு வீழ்த்தினார்கள். 269 பேர் பலி. அதன் பிறகுதான், ஜிபிஎஸ் தயாரானதும் சிவில் விமானங்களுக்கும் இலவசமாகத் தருவோம் என்று அதிபர் ரீகன் அறிவித்தார். தந்தபோதும் பொதுமக்களுக்கான சிக்னலில் வேண்டுமென்றே பிழை கலந்தே தந்தார்கள். இடம் 100 மீட்டர் வரை தள்ளிக் காட்டும். 2000 மே மாதம் அந்தப் பிழையை நீக்கிய பிறகுதான், நீங்கள் சவாரியை வாசலிலேயே ஏற்ற முடிகிறது.

கே: விண்வெளியில் யாராவது துப்பாக்கி சுட்டிருக்கிறார்களா?
– பள்ளி மாணவன், விருதுநகர்

ப: சோவியத் யூனியன். 1974இல் ஏவிய சல்யூத்-3 நிலையத்தில் பீரங்கி இருந்தது. வீரர்கள் கிளம்பிப் போன பிறகு, 1975 ஜனவரியில் தரையிலிருந்து இயக்கிச் சுட்டுப் பார்த்தார்கள்.

கே: அமெரிக்காவில் செலவு எதற்கு அதிகம்: ராணுவ விண்வெளிக்கா, நாசாவுக்கா?
– வங்கி ஊழியர், ஈரோடு

ப: ராணுவத்துக்கு. 2024 நிதியாண்டில் நாசாவுக்குச் சுமார் 2,500 கோடி டாலர். 2019 டிசம்பரில் பிறந்த விண்வெளிப் படைக்குச் சுமார் 2,900 கோடி. உளவு செயற்கைக்கோள்களுக்கான பணம் இதற்கு வெளியே, பொதுக் கணக்கில் வராமல் ஓடுகிறது.

கே: அப்துல் கலாம் இரண்டு பக்கமும் வேலை செய்தாரே, அப்படியென்றால் இந்தியாவிலும் இரண்டும் ஒன்றுதானா?
– ஆசிரியை, ராமநாதபுரம்

ப: அறிவு ஒன்று, நிறுவனங்கள் வேறு. 1980இல் ரோகிணி செயற்கைக்கோளை ஏவிய எஸ்எல்வி-3 ராக்கெட்டின் திட்ட இயக்குநர் கலாம். 1982இல் பாதுகாப்பு ஆராய்ச்சி நிறுவனமான டிஆர்டிஓவுக்கு வந்தார். 1989இல் சோதித்த முதல் அக்னி ஏவுகணையின் அடிப்பகுதி, எஸ்எல்வி-3இன் முதல் கட்டத்திலிருந்து வந்ததே. இதை வெளிநாடுகள் கவனிக்காமல் இல்லை. ரஷ்யாவிடம் நாம் கிரையோஜெனிக் தொழில்நுட்பம் வாங்கப் போனபோது, 1992இல் அமெரிக்கா தடை போட்டதற்கு ஏவுகணை அச்சமே சொன்ன காரணம்.

அது நியாயமற்ற தடை. கிரையோஜெனிக் எஞ்சினுக்கு மைனஸ் 253 டிகிரியில் திரவ ஹைட்ரஜன் வேண்டும். ஏவுவதற்குச் சற்று முன்புதான் நிரப்ப முடியும். பொத்தானை அழுத்தியதும் பாய வேண்டிய ஏவுகணைக்கு அது உதவாது. ரஷ்யா தயாரான எஞ்சின்களை மட்டும் தந்துவிட்டு, தொழில்நுட்பத்தைத் தர மறுத்தது. நம் பொறியாளர்கள் திருநெல்வேலி மாவட்டத்து மகேந்திரகிரியில் சோதித்துச் சோதித்து, 2014 ஜனவரி 5 அன்று சொந்த எஞ்சினில் ஜிஎஸ்எல்வியைப் பறக்கவிட்டார்கள்.

கே: 2019இல் நம் செயற்கைக்கோளை நாமே சுட்டோமே, சரியா?
– மின்வாரிய ஊழியர், தஞ்சாவூர்

ப: ஒருமுறை செய்ததன் காரணம் புரிகிறது, இரண்டாம் முறை கூடாது. 2007இல் சீனா 865 கிலோமீட்டர் உயரத்தில் தன் வானிலை செயற்கைக்கோளை உடைத்தது. 3,000க்கும் மேற்பட்ட துண்டுகள், பல இன்னும் சுற்றுகின்றன. நாம் 300 கிலோமீட்டருக்குக் கீழே சுட்டதால் பெரும்பாலான துண்டுகள் சில மாதங்களில் எரிந்து விழுந்தன. அது பொறுப்பான தேர்வு. ஆனாலும் சில துண்டுகள் சர்வதேச விண்வெளி நிலையத்தின் உயரத்தைத் தாண்டித் தெறித்தன. 2021 நவம்பரில் ரஷ்யா சுட்டபோது நிலையத்தில் இருந்த ஏழு பேரும் தப்பிக்கும் கலங்களுக்குள் ஒதுங்க நேர்ந்தது. அந்த ஏழு பேரில் இருவர் ரஷ்யர்கள்! தோட்டாவுக்குத் தன் நாட்டவர் என்ற பேதம் கிடையாது. இத்தகைய சோதனை இனி இல்லை என்று 2022இல் அமெரிக்கா அறிவித்தது. மனிதரை விண்ணுக்கு அனுப்பத் தயாராகும் இந்தியாவும் அதே உறுதியைத் தர வேண்டும்.

கே: இரண்டில் ஒன்றுதான் வைத்துக்கொள்ளலாம் என்றால் எதை வைப்பீர்கள்?
– பொறியியல் மாணவர், சேலம்

ப: சிவில் திட்டத்தை. எல்லையில் எதிரி இருக்கும்வரை ராணுவத்துக்கும் செயற்கைக்கோள் தேவை. கடற்படைக்கு ஜிசாட்-7 வேண்டும்தான். ஆனால் ராணுவம் கண்டுபிடித்தது வெளியே வர ஆண்டுக்கணக்கில் காத்திருக்க வேண்டும். சிவில் ஆய்வு கண்டுபிடித்தது உங்கள் மேசைக்கே வரும். சந்திரயான்-2, சந்திரயான்-3 தரவுகளை இஸ்ரோ 'பிரதான்' இணையதளத்தில் பொதுவில் வைத்திருக்கிறது. கட்டணம் இல்லை, பதிவு செய்தால் போதும். விடுமுறையில் ஒரு கோப்பையாவது இறக்கித் திறந்து பாருங்கள். கேள்வி வந்தால் எழுதுங்கள்.